ரிசர்ச் பண்ணணும், என்ன டிகிரி எடுக்கலாம்?

மே, ஜூன் மாதங்களில் எங்கள் தெருவில் இந்தக் கேள்வி தவறாமல் வரும். பிளஸ் டூ ரிசல்ட் வந்து, நீட் மார்க்கும் வந்து, எம்பிபிஎஸ் சீட் கிடைக்காது என்று வீட்டில் எல்லாரும் ஒருவழியாக ஒப்புக்கொண்ட பிறகு, "பாப்பாவுக்கு பயாலஜிதான் பிடிக்கும், சரி, ரிசர்ச் லைன்ல போகட்டும்" என்று முடிவெடுப்பார்கள். தண்டையார்பேட்டையில் நாங்கள் இருக்கும் தெருவில் உயிரியல் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பவன் நான் ஒருத்தன்தான். அதனால் அப்பாவோ அம்மாவோ வந்து நிற்பார்கள். "தம்பி, பயோடெக் போடலாமா, மைக்ரோபயாலஜி போடலாமா? எதுக்கு ஸ்கோப் இருக்கு?"

வாசலில் நின்றபடி பத்து நிமிடத்தில் சொல்லி முடிக்கிற விஷயமில்லை இது. அதனால்தான் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆய்வுக்குப் போகிறவருக்கு இளநிலைப் பட்டத்தின் பெயர் அவ்வளவு முக்கியமில்லை. அந்த மூன்று, நான்கு வருடத்தில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு ஆய்வுக்கூடத்துக்குள் போய்க் கை வைக்க வழி இருக்கிறதா, வேதியியலும் கணக்கும் கைவிட்டுப் போகாமல் இருக்குமா, இந்த இரண்டையும்தான் பார்க்க வேண்டும். பயோடெக்னாலஜி, பயோஇன்ஃபர்மேடிக்ஸ், நானோ என்று பெயர் நீளமாக இருப்பதைப் பார்த்து யாரும் வேலைக்கு எடுப்பதில்லை, பிஎச்டிக்கும் எடுப்பதில்லை.

அதற்கு முன் ஒன்று. டாக்டர் சீட் கிடைக்காததற்கு ஆறுதல் பரிசாக ரிசர்ச்சை எடுக்காதீர்கள். இரண்டும் வேறு வேலை, வேறு குணம் கேட்கிற வேலை. டாக்டருக்கு ஒரு நாளில் பத்துப் பேராவது நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள். இங்கே அப்படி யாரும் வரமாட்டார்கள். நான் வேலை செய்வது காசநோய்க் கிருமியோடு. ஈ.கோலை என்கிற சாதாரண பாக்டீரியா நல்ல சூழலில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகும், இன்று சாயங்காலம் தட்டில் தேய்த்துவிட்டுப் போனால் நாளைக் காலை வெள்ளைப் புள்ளிகளாக முளைத்திருக்கும். காசநோய்க் கிருமி இரண்டாவதற்கே கிட்டத்தட்ட ஒரு நாள் ஆகும். முட்டை கலந்த பச்சை நிற ஊடகத்தில் விதைத்துவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும், மூன்று வாரத்தில் வந்தால் சந்தோஷம், ஆறு, எட்டு வாரம் ஆனாலும் கேட்கக் கூடாது. அதற்கு நடுவில் ஒரு குழாயில் பூஞ்சை புகுந்துவிட்டதென்றால் அந்தக் குழாய் குப்பைக்கு, மறுபடியும் முதலிலிருந்து. இந்தக் காத்திருப்பு எரிச்சலாக இல்லாமல், "ஏன் புகுந்தது?" என்று ஒரு குறுகுறுப்பாக இருக்கிற பிள்ளைக்கு இந்த வேலை சரிப்படும். மார்க் வைத்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. பிள்ளையிடமே கேட்டால்தான் உண்டு.

காசு விஷயத்தையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் கேட்க வருகிறவர்களில் ஹார்பரில் வேலை செய்கிறவர், ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர், மீன் ஏலத்துக்குப் போகிறவர் எல்லாரும் உண்டு, பிள்ளை எப்போது சம்பாதிக்கும் என்று கேட்பதில் தப்பே இல்லை. பிஎஸ்சி மூன்று, எம்எஸ்சி இரண்டு, பிஎச்டி ஐந்து அல்லது ஆறு வருடம். முப்பது வயதை ஒட்டித்தான் முடியும். ஆனால் அத்தனை வருடமும் வீட்டுக் காசில் படிக்க வேண்டியதில்லை. சிஎஸ்ஐஆர்-யுஜிசி நெட் என்கிற தேசியத் தகுதித் தேர்வில் ஜேஆர்எஃப், அதாவது ஆய்வு மாணவர் உதவித்தொகை, வாங்கினால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், பிறகு சீனியராகி எஸ்ஆர்எஃப் ஆனதும் 42,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. 2023 ஜனவரியிலிருந்து இந்தத் தொகை. பணம் சில நேரம் தாமதமாக வரும், அதற்கும் தயாராக இருக்க வேண்டும். இதையெல்லாம் கேட்டுவிட்டு "அப்போ வேண்டாம் தம்பி" என்று ஒருவர் எழுந்து போனாலும் எனக்கு வருத்தமில்லை, பின்னால் தெரிந்து நொந்துகொள்வதைவிட அது மேல்.

சரி, பட்டத்தின் பெயருக்கு வருவோம்.

எங்கள் பக்கத்தில் பாட்டனி, சுவாலஜி என்றாலே முகம் சுளிப்பார்கள். அது எதுவும் கிடைக்காதவர்கள் படிப்பது, டீச்சர் வேலைக்குத்தான் ஆகும் என்று ஒரு நினைப்பு. ராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பாட்டனி படித்த ஜானகி அம்மாள்தான் பின்னாளில் மிச்சிகன் வரை போய், கரும்பின் குரோமோசோம்களை ஆராய்ந்து உலகப் பெயர் வாங்கியவர். பழைய கதை என்பீர்கள், இன்றைய நிலவரத்தையே பாருங்கள். நெட் தேர்வில் பாட்டனிக்கு ஒரு தாள், பயோடெக்குக்கு ஒரு தாள் என்று கிடையாது. பாட்டனி, சுவாலஜி, பயோகெமிஸ்ட்ரி, மைக்ரோபயாலஜி, பயோடெக் எதில் எம்எஸ்சி முடித்தாலும் ஒரே 'லைஃப் சயின்சஸ்' தாள்தான். மொத்தம் 200 மதிப்பெண். அதில் சரிபாதி, 100 மதிப்பெண், சி பிரிவுக்கு. 75 கேள்வி கொடுத்து 25 எழுதச் சொல்வார்கள், கேள்விக்கு 4. அந்தப் பிரிவைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள், மனப்பாடத்துக்கு வேலையே இருக்காது. ஒரு சோதனையை விவரித்து, ஒரு வரைபடமோ, டிஎன்ஏவையும் புரதத்தையும் பிரித்துக் காட்டும் ஜெல் படமோ கொடுத்து, இதிலிருந்து என்ன முடிவுக்கு வரலாம், எந்த முடிவுக்கு வரக் கூடாது என்று கேட்பார்கள். இரண்டு மார்க், ஐந்து மார்க் என்று கைடு வைத்துப் படித்துப் பழகிய பிள்ளைகள் அங்கேதான் திணறுகிறார்கள், அவர்கள் பட்டத்தில் 'டெக்' என்று இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

தனிப்பட்ட முறையில் என்னைக் கேட்டால், தனியார் சுயநிதிக் கல்லூரியில் பெரும் காசு கட்டிப் படிக்கும் பிஎஸ்சி பயோடெக்கைவிட, நல்ல வாத்தியார் இருக்கும் இடத்தில் பிஎஸ்சி வேதியியல் படிப்பது மேல் என்பேன். புரதம், டிஎன்ஏ, மருந்து எல்லாமே மூலக்கூறுதானே. வேதியியல் தெரிந்த பிள்ளைக்கு உயிரியலைப் பிறகு சொல்லிக்கொடுப்பது சுலபம், மறுபக்கம் கஷ்டம். எல்லாரும் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள், என் கூட வேலை செய்யும் சுவாலஜிக்காரர்களே சண்டைக்கு வருவார்கள். காட்டு விலங்கு, பூச்சி, கடல் என்று வெளியில் போய் ஆராய ஆசைப்படும் பிள்ளைக்கு நானும் சுவாலஜியோ பாட்டனியோதான் சொல்வேன்.

கணக்கைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. நம் ஊரில் பிளஸ் ஒன்னில் 'பியூர் சயின்ஸ்' என்று ஒரு குரூப் உண்டு. இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல். கணக்கு இல்லை. "டாக்டர் ஆகப்போற பிள்ளைக்கு கணக்கு எதுக்கு" என்று பதினைந்து வயதிலேயே வெட்டிவிடுகிறார்கள். அந்தப் பிள்ளை பிறகு ஆய்வுக்கு வந்தால் முதல் மாதமே முட்டிக்கொள்ளும் இடம் கணக்குதான். எத்தனை எலி எடுத்தால் போதும், இந்த வித்தியாசம் நிஜமா தற்செயலா, பத்தாயிரம் மரபணுவை ஒரே நேரத்தில் அளந்தால் அதில் எத்தனை மாறியதுபோல் பொய்யாகத் தெரியும், இதெல்லாம் அன்றாடக் கேள்விகள்.

சேத்துப்பட்டில் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறதே, 1956-ல் தொடங்கியது. அப்போதெல்லாம் டிபி வந்தால் சானடோரியம் என்கிற டிபி மருத்துவமனையில் மாதக்கணக்கில் படுக்க வைப்பார்கள். வீட்டிலேயே வைத்து மாத்திரை கொடுத்தால் என்ன ஆகும் என்று சென்னையின் ஏழை நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்துப் பார்த்தார்கள். எந்த நோயாளி எந்தப் பிரிவு என்பதை டாக்டரின் இஷ்டத்துக்கு விடாமல் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். 1959-ல் வந்த முடிவு: நெரிசலான வீட்டில், போதிய சாப்பாடு இல்லாமல் இருந்தவர்களுக்கும் வீட்டுச் சிகிச்சை சானடோரியத்துக்கு ஏறக்குறைய சமமாக வேலை செய்தது, கூட இருந்த குடும்பத்தாருக்கும் அதனால் நோய் கூடுதலாகப் பரவவில்லை. உலகம் முழுவதும் டிபி சிகிச்சையை வீட்டுக்குத் திருப்பியதில் இந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு. அதைச் செய்த குழுவில் டாக்டர்களுக்குச் சமமாகப் புள்ளியியல்காரர்களும் உட்கார்ந்திருந்தார்கள். வடசென்னையில் டிபி என்றால் தெரியாத வீடு குறைவு, அதனால் கணக்கு எதற்கு என்று கேட்கும் அப்பாக்களிடம் நான் சொல்வது இந்தக் கதையைத்தான்.

இயற்பியலில் இருந்து உயிரியலுக்கு வந்து சாதித்தவர்கள் பட்டியலும் பெரிது. புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணத்தில் மடங்க முடியும், எதில் முடியாது என்று 1963-ல் வரைபடம் போட்ட ஜி.என். ராமச்சந்திரன் இயற்பியல்காரர், வேலை நடந்தது நம் சென்னைப் பல்கலைக்கழகத்தில். இன்று உலகில் எந்தப் புரத வடிவத்தைத் தீர்மானித்தாலும் அந்தப் படத்தில் வைத்துத்தான் சரிபார்க்கிறார்கள். சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் பரோடாவில் இயற்பியல் பட்டம், அமெரிக்காவில் இயற்பியலிலேயே பிஎச்டி, அதற்கப்புறம் உட்கார்ந்து உயிரியல் படித்தவர். செல்லுக்குள் புரதம் செய்யும் ரைபோசோமுக்காக 2009-ல் நோபல். இவர்களைக் காட்டி எல்லாரையும் இயற்பியல் படிக்கச் சொல்லவில்லை. அவர்கள் மேதைகள், நமக்குப் பாடமாக எடுத்துக்கொள்ள முடியாது. பிளஸ் டூவில் கணக்கு இல்லாதவர்கள் பயப்படவும் வேண்டாம், முதல் வருடத்திலிருந்தே புள்ளியியலும், பைத்தானோ ஆரோ ஏதாவது ஒரு கணினி மொழியும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிக்கொண்டால் சமாளிக்கலாம்.

அடுத்து ஐசர், அறிவியல் படிப்புக்கும் ஆய்வுக்குமான மத்திய அரசு நிறுவனங்கள். இந்தப் பெயரையே எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் பாதிப் பேர் கேள்விப்பட்டதில்லை, அது எனக்குக் கோபம் வருகிற விஷயம். நாட்டில் ஏழு ஐசர் இருக்கின்றன. புனேயிலும் கொல்கத்தாவிலும் 2006-ல் ஆரம்பித்து, திருவனந்தபுரம், திருப்பதி என்று நமக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டது. திருப்பதி ஐசர் 2015-ல் தொடங்கியது, சென்ட்ரலில் ரயில் ஏறினால் சில மணி நேரம். ஐந்து வருடம் பிஎஸ்-எம்எஸ் படிப்பு, ஆரம்பத்தில் எல்லாருக்கும் நான்கு அறிவியலும், கடைசி வருடம் முழுக்க ஆய்வு. நுழைவுத் தேர்வு ஐஏடி: உயிரியல், வேதியியல், கணக்கு, இயற்பியல் ஒவ்வொன்றிலும் 15 கேள்வி, மூன்று மணி நேரம், 240 மதிப்பெண், தப்புக்கு ஒன்று கழியும். புவனேஸ்வரில் அதே மாதிரி நைசர் என்று ஒன்று இருக்கிறது, அதற்கு நெஸ்ட் என்று தனித் தேர்வு. பெங்களூரில் ஐஐஎஸ்சி என்கிற இந்திய அறிவியல் கழகத்தில் நான்கு வருடப் படிப்பு 2011-லிருந்து நடக்கிறது. கிடைத்தால் வேறு எதையும் யோசிக்காமல் போய்விடலாம் என்று நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வது இந்த மூன்று வகை இடங்களுக்குத்தான்.

ஒரு சிக்கல் என்னவென்றால் ஐஏடி விண்ணப்பம் பெரும்பாலும் பிளஸ் டூ ரிசல்ட்டுக்கு முன்போ அதை ஒட்டியோ முடிந்துவிடும். நீட் மார்க் பார்த்துவிட்டு ஜூனில் என் வாசலுக்கு வருகிறவர்களுக்கு அந்த வருடக் கதவு சாத்தியாகிவிட்டது. இந்தக் கட்டுரையைப் பிளஸ் ஒன் படிக்கிற வீட்டில் யாராவது பார்த்தால் நல்லது. போன வருடம் பிளஸ் டூ முடித்தவர்களும் எழுதலாம், ஆகவே இங்கே ஒரு பிஎஸ்சியில் சேர்ந்துகொண்டே அடுத்த வருடம் முயற்சி செய்து பார்க்கத் தடையில்லை.

பெரும்பாலான பிள்ளைகள் எப்படியும் உள்ளூர்க் கல்லூரிக்குத்தான் போகப்போகிறார்கள். பிராட்வே பாரதி மகளிர் கல்லூரியோ, வியாசர்பாடி அம்பேத்கர் கல்லூரியோ, பழைய வண்ணாரப்பேட்டை தியாகராயா கல்லூரியோ, கொஞ்சம் தள்ளி மாநிலக் கல்லூரியோ. அரசுக் கல்லூரியில் வருடத்துக்குச் சில ஆயிரம்தான் ஆகும், அதில் குறைச்சல் எதுவும் இல்லை. எந்தக் கல்லூரியானாலும் சேர்வதற்கு முன் ஒரு நாள் நேரில் போய்ப் பாருங்கள். பிரின்சிபால் ரூம் ஏசியையும் முகப்புக் கண்ணாடியையும் பார்த்துவிட்டு வராதீர்கள். லேபுக்குப் போங்கள். டிஎன்ஏவை நகலெடுத்துப் பெருக்கும் பிசிஆர் மெஷின் இருக்கிறதா என்று கேட்டால் எல்லாரும் இருக்கிறது என்பார்கள். அதன் பக்கத்தில் ஒரு லாக் புக் இருக்கும், யார், எந்தத் தேதியில், எதற்காக உபயோகித்தார்கள் என்று கையெழுத்துப் போடும் நோட்டு. அதைத் திறந்து பாருங்கள். கடைசிக் கையெழுத்து போன வாரம் என்றால் அந்த லேப் மூச்சு விடுகிறது. இரண்டு வருடத்துக்கு முன்னால் இன்ஸ்பெக்‌ஷன் நடந்த அன்று என்றால், மெஷின் மேல் போர்த்திய பிளாஸ்டிக் உறை இன்னும் கசங்காமல் இருக்கும். நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவைத் தொட்டுப் பாருங்கள், அடியில் உப்புக் கறை படிந்திருந்தால் நல்லது, தினமும் கொதிக்கிறது என்று அர்த்தம். கிருமி வளர்க்கும் இன்குபேட்டருக்குள் தட்டு இருந்தால் அதில் எழுதியிருக்கும் தேதியைப் படியுங்கள். அப்புறம் வாசலில் நிற்கும் மூன்றாம் வருட மாணவர் ஒருவரைப் பிடித்து, கடைசி செமஸ்டர் புராஜெக்டை எத்தனை பேர் சேர்ந்து செய்கிறீர்கள், எங்கே செய்கிறீர்கள் என்று கேளுங்கள். பத்துப் பேருக்கு ஒரு புராஜெக்ட், அதையும் வெளியில் காசு கொடுத்து பைண்டு பண்ணி வாங்கிவிடுவோம் என்று சிரித்தால், பெட்டியை எடுத்துக்கொண்டு வேறு இடம் பார்க்கலாம்.

எம்பிபிஎஸ் தவிர வேறு சில தொழிற்படிப்புகள் வழியாகவும் ஆய்வுக்கு வரலாம், அதை நம் வீடுகளில் யோசிப்பதே இல்லை. வேப்பேரியில் 1903-லிருந்து கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. விலங்கிலிருந்து மனிதருக்குத் தாவும் நோய்களைப் பற்றி ஆராய அதைவிடப் பொருத்தமான படிப்பு குறைவு. தமிழ்நாட்டு ஒதுக்கீட்டு இடங்களுக்கு நீட் தேவையில்லை, பிளஸ் டூ மதிப்பெண்தான். பொன்னேரியில் மீன்வளக் கல்லூரி இருக்கிறது, நம் வீட்டிலிருந்து பஸ்ஸிலேயே போய்விடலாம். காசிமேட்டில் கத்தாழை மீன் வாங்கித் தலையை வெட்டும்போது உள்ளே பல் மாதிரி வெள்ளையாக இரண்டு கல் கிடைக்குமே, அது மீனின் காதுக்கல். அதை மெல்லியதாக அறுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தால் மரத்தின் உள்வரி போல வளையம் வளையமாகத் தெரியும், அதை எண்ணி மீனின் வயதைக் கணக்கிடுகிறார்கள். பிடிபடும் மீனெல்லாம் குஞ்சாகவே இருக்கிறதா, கடலில் வளர்ந்த மீன் மிச்சம் இருக்கிறதா என்பதெல்லாம் அந்தக் கல்லில் இருந்து கிடைக்கும் செய்தி. மீனவர் வீட்டுப் பிள்ளைகள் சின்ன வயதிலேயே அந்தக் கல்லை வைத்து விளையாடியவர்கள். அவர்கள் அந்தப் படிப்புக்குப் போகாமல் வேறு எங்கோ பிசிஏ சேர்வதைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது, அவரவர் விருப்பம் என்று விட்டுவிட வேண்டியதுதான்.

எந்தப் பட்டத்தில் சேர்ந்தாலும் இரண்டாம் வருடத்திலிருந்தே கோடை விடுமுறையை வீணாக்கக் கூடாது. இந்தியாவின் மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து கோடைக்கால ஆய்வு உதவித்தொகை கொடுக்கின்றன, இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியின் லேபில் வேலை. அது கிடைக்காவிட்டால் நேராகவே மின்னஞ்சல் எழுதிக் கேட்கலாம். தரமணி, கிண்டி, சேத்துப்பட்டு என்று சென்னைக்குள்ளேயே நிறைய ஆய்வுக்கூடங்கள் உண்டு. "ரெஸ்பெக்டெட் சார், ஐ ஆம் வெரி இன்டரஸ்டட்" என்று நூறு பேருக்கு ஒரே கடிதம் போகக் கூடாது. அந்த விஞ்ஞானி சமீபத்தில் எழுதிய ஒரு கட்டுரையைத் தட்டுத்தடுமாறியாவது படித்து, அதில் புரியாத ஒரு இடத்தைக் குறிப்பிட்டு நான்கு வரி எழுதினால் போதும். எங்களுக்கு வரும் கடிதங்களில் அப்படி ஒன்று வந்தால் கண்ணில் படும். ஆங்கிலம் தப்பாக இருந்தாலும் பரவாயில்லை, தமிழ் மீடியம் பிள்ளைகள் அதை நினைத்துத்தான் எழுதாமலே விட்டுவிடுகிறார்கள். அப்படி இரண்டு கோடை லேபில் இருந்துவிட்டு வந்த சுவாலஜி மாணவரையும், ஒரு நாளும் பைப்பெட்டைப் பிடிக்காத பயோடெக் மாணவரையும் நேர்முகத்தில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். ஐஐஎஸ்சி, பெங்களூரில் உள்ள என்சிபிஎஸ் உயிரியல் ஆய்வு மையம் போன்ற இடங்களில் பிஎஸ்சி முடித்ததுமே சேரக்கூடிய ஒருங்கிணைந்த பிஎச்டி உண்டு, அங்கே நேர்முகம்தான் ஆளை வடிகட்டும்.

கடைசியாகக் காசு, ஏனென்றால் வாசலில் இருந்து கிளம்பும்போது எல்லாரும் திரும்பி நின்று அதைத்தான் கேட்பார்கள். அடிப்படை அறிவியல் படிப்பவர்களுக்கு மத்திய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகை வருடத்துக்கு 80,000 ரூபாய் வரை. போர்டு தேர்வில் முதல் ஒரு சதவீதத்துக்குள் வந்திருக்க வேண்டும், பொறியியல், மருத்துவத்துக்குக் கிடையாது. அரசுப் பள்ளியில் ஆறாவதிலிருந்து படித்த பிள்ளைகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்கள் உண்டு. அதே பிள்ளைகளுக்குக் கால்நடை, மீன்வளம், வேளாண்மைப் படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் இருக்கிறது, டிசி, படிப்புச் சான்றிதழ்களை இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வுக்குப் போகிற பிள்ளைக்காக லட்சக்கணக்கில் கல்விக் கடன் வாங்கி நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் சேர்க்க வேண்டாம் என்பதை மட்டும் நான் கறாராகச் சொல்கிறேன். பிள்ளை பிஎச்டி சேரும் வயதில் பேங்க்காரன் தவணை கேட்டு வீட்டுக்கு வருவான், அப்போது பிள்ளை படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஏதாவது ஒரு கம்பெனி வேலைக்குப் போய்விடும். அப்படிப் போனவர்கள் எங்கள் பேட்சிலேயே உண்டு, எல்லாருமே என்னைவிட நன்றாகப் படித்தவர்கள்.